சம்மனசுப் பூவும் இன்ஸ்பெக்டரின் கண்ணும்

நான் மிகுந்த உறுதியோடு செய்த காரியங்கள் எல்லாம் பிழையாகவே போயிருக்கின்றன. தயங்கித் தயங்கிச் செய்தவைதான் ஓரளவு தப்பின. (கல்யாணம் தயங்கிச் செய்தது. அது நன்றாகவே இருக்கிறது.) இது தெரிந்த பிறகும் உறுதியாகப் பேசுவதை நான் விடவில்லை, பிறவிக் குணம். அந்தக் குணம் உச்சியில் இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அப்போது இருபது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்து மூன்று மாதம். உலகத்தில் எனக்குத் தெரியாதது என்று ஏதும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம். இரண்டாவது உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, பிறகு ட்ராமும் நடையுமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அங்கே கன்னியர் மடம் ஒன்று நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. ஐந்தாம் வகுப்புக்கு இயற்கைப் பாடம். வேலை தற்காலிகம்தான். வித்தியாதரிசி, அதாவது இன்ஸ்பெக்டர், ஒருநாள் வந்து என் பாடத்தைப் பார்ப்பார். நல்லது என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் ஊர் நீர்வேலிக்குப் போய், என்னைப் பெற்ற ஐயாவின் வாழைத்தோட்டத்தைப் பார்த்தபடி மாப்பிள்ளைக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு அது நடக்கும் என்ற பயம் துளியும் இருக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்குத்தான் என்னிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துத் தலைவி ஒரு பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரி. எல்லோரும் மதர் என்போம். மன்னாரில் இருபது வருஷம் இருந்து, வேதாகமத்தையும் செபப் புத்தகத்தையும் படித்தே தமிழ் கற்றவர். ஆகையால் கோபம் வந்தால்கூட அவர் வாயிலிருந்து சுத்தமான எழுத்துத் தமிழ்தான் வரும். "பிள்ளையே, நீ ஏன் தாமதித்தாய்?" என்று அவர் கேட்கும்போது, ரயில் பிந்திவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். அந்தத் தமிழுக்கு ஏற்ற பெரிய பாவம் ஏதாவது செய்திருக்கலாமே என்று தோன்றும்.

மதருக்கு இந்த உலகத்தில் பற்று என்று ஒன்று இருந்திருந்தால், அது முன் விறாந்தையில் வரிசையாக நின்ற ஆறு செடிகள்மேல்தான். நுவரெலியாவிலுள்ள மடத்திலிருந்து சிறு தடிகளாக வந்தவை. துறைமுகத்துப் பக்கம் மலிவாகக் கிடைத்த பீப்பாய்களை இரண்டாக அறுத்து, பச்சை பூசி, மண் நிரப்பி நட்டிருந்தார்கள். (அவை சாராயப் பீப்பாய்கள் என்பதை மதருக்கு ஒருவரும் சொல்லவில்லை.) பூ ஒரு சாண் நீளத்தில் எக்காளம்போல் இருக்கும், தலைகீழாகத் தொங்கும். கத்தோலிக்கர் தேவதூதரைச் சம்மனசு என்பார்கள். சம்மனசு ஊதுகிற எக்காளம்போல் இருந்ததால் மடத்தில் அதற்குச் சம்மனசுப் பூ என்று பெயர். எனக்கோ பார்த்த உடனேயே அது எங்கள் கோயிலில் சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று தெரிந்துவிட்டது. ஊமத்தை வானத்தைப் பார்க்கும், இது நிலத்தைப் பார்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் நஞ்சு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்தது என்று நான் எந்த இடத்திலும் சொல்ல முடியாது.

குளிர் ஊர்ச் செடிக்குக் கொழும்பு வெயில் பிடிக்கவில்லை. மத்தியானமானால் இலையெல்லாம் மயக்கம் போட்டதுபோல் தொங்கும். நாலு வருஷம் பூவே இல்லையாம். முந்திய வருஷம்தான் முதன்முதலாகப் பூத்தது. அன்றைக்கு மதர் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு விட்டார் என்று சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல்நாள் மதர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு பீப்பாயிலும் வளைந்து நெளிந்த ஒரு பழைய மரம் நின்றது. அதன் அடியில் மண்ணைத் துளைத்துக்கொண்டு நாலைந்து பக்கக் கன்றுகள் நேராக எழும்பியிருந்தன.

"பிள்ளையே, இந்தக் கன்றுகள் பலத்தையெல்லாம் உறிஞ்சுகின்றன. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அகற்ற வேண்டும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்பாக இதையே பாடமாகச் செய். உனக்கு இது தெரியுமா?"

"மதர், நான் தோட்டக்காரற்ர மகள்," என்றேன். கேள்வியே எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அன்று மாலை ரயிலில் இருந்து கடலைப் பார்த்தபடி பாடத்தைத் தயாரித்தேன். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் தந்த புத்தகத்தில் பக்கக் கன்றுகளைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது. இரண்டு வரி எழுதியவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவள் நான். குலை வெட்டிய தாய்வாழை இனிப் பயனில்லை. அதைத் தறித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் குட்டிகளில் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதெல்லாம் கழிப்போம். அடுத்த குலை அந்தக் குட்டியில்தான். மதரும் அதைத்தானே சொன்னார்? ஒன்றை மட்டும் விடு. பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பழைய மரங்களைப் பார்த்தேனே, இலை பாதி உதிர்ந்து, பட்டை வெடித்து, முதுகு கூனி நின்றன. போன வருஷம் பூத்து முடித்துவிட்டன. பாவம், அவற்றின் காலம் முடிந்தது.

அடுத்தநாள் காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோட்டு, கழுத்துப் பட்டி, தடித்த கண்ணாடி. தென்மராட்சிக்காரர், அந்த மாதம்தான் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டேன். இலக்கணத்தில் புலி என்றும், சந்தி பிழைத்தால் சம்பளத்தில் கை வைப்பார் என்றும் சொன்னார்கள். விறாந்தையில் அவருக்கு ஒரு கதிரை போட்டோம். மதர் பக்கத்தில் இருந்தார். ஆனால் நான் "வணக்கம்" சொல்லி முடிக்கும்போதே பங்குச் சுவாமியார் வந்திருப்பதாகச் செய்தி வந்தது. மதர் எழுந்து, என் பக்கம் ஒரு நம்பிக்கையான பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

முப்பது பிள்ளைகளையும் இரண்டு வரிசையாக நிறுத்தினேன். "இந்த மரத்தில நஞ்சு இருக்கு. ஒருத்தரும் தொடக்கூடாது. நான் மட்டும்தான் தொடுவன்," என்றேன். இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

"பிள்ளையள், வாழை குலை போட்டு முடிஞ்சா, தாய் வாழையை என்ன செய்வம்?"

"வெட்டுவோம், டீச்சர்!"

(அதில் பாதிப்பேர் வாழைத்தோட்டத்தையே காணாத கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் முன்னால் எதைக் கேட்டாலும் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.)

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "எங்கட பக்கமும் அப்பிடித்தான். மேல சொல்லும், ரீச்சர்."

நான் கொப்பு வெட்டும் நீளப்பிடிக் கத்தரியை எடுத்து, முதலாவது பீப்பாயின் பழைய மரத்தை இன்ஸ்பெக்டருக்குக் காட்டினேன். "இது தாய். பூத்து முடிஞ்சு போச்சு. பாருங்கோ, மேல எப்பிடிக் கவர் கவராப் பிரிஞ்சு சீரழிஞ்சு கிடக்கு. இலைகூட ஒரு பக்கம் கோணலா இருக்கு. இந்தக் கன்றைப் பாருங்கோ. நேரான தண்டு, வடிவான இலை. இதுதான் இனி மரம்."

முன்வரிசையில் நின்ற பிலோமினா என்ற சிறுமி கையை உயர்த்தினாள். "டீச்சர், அந்தக் கவர்ல பச்சை மிளகாய் மாதிரி சின்னதா இருக்கே. அது மொட்டு இல்லையா?"

நான் குனிந்து பார்த்தேன். இருந்தது. ஒன்றல்ல, ஒவ்வொரு கவரிலும் இரண்டு மூன்று இருந்தன. ஒரு கணம்கூட நான் தயங்கவில்லை.

"அது மொட்டு இல்லை. விரியமாட்டாத இலை. வயசு போனா அப்பிடித்தான்."

"விரியமாட்டாத இலை," என்று இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். சொற்றொடர் அவருக்குப் பிடித்துவிட்டது.

கத்தரியைத் தண்டில் வைத்தேன். அப்போதுதான் வேலியோரம் தண்ணீர் வாளியோடு நின்ற தோட்டக்காரன் சைமன் சத்தம் போட்டான். சைமன் சிங்களவன், அந்த ஆறு மரங்களுக்கும் நட்ட நாளிலிருந்து தண்ணீர் ஊற்றியவன்.

"மிஸ்ஸி! ஏக கபன்ன எப்பா!"

எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் 'எப்பா' என்றது தெளிவாகக் கேட்டது. எங்கள் ஊரில் பெரிய ஆச்சரியம் வந்தால் 'எப்பா!' என்போமே, அதேதான். நான் அவனைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தேன். தண்டை வெட்டினேன்.

"எப்பா! எப்பா, மிஸ்ஸி!" சைமன் தலையில் கை வைத்தான்.

"தோட்டக்காரனுக்கும் பிடிச்சிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கும் சிங்களம் தெரியாது. பின்வரிசையில் சிங்களம் தெரிந்த இரண்டு பிள்ளைகள் கை உயர்த்தினார்கள். கேள்வி நேரம் பிறகு என்று சொல்லிக் கையை இறக்க வைத்தேன்.

ஐந்து பீப்பாய் முடிந்தது. ஒவ்வொன்றிலும் பழைய மரத்தை வெட்டி, கன்றுகளைக் கழித்து, ஒரேயொரு நேரான கன்றை மட்டும் விட்டேன். ஐந்தும் கொடிக்கம்பம்போல் ஒரே அளவில் நின்றன. இன்ஸ்பெக்டரால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்து வந்து கோட்டுக் கையை மேலே இழுத்தார்.

"ரீச்சர், நானும் ஒண்டு வெட்டிப் பாக்கட்டோ? சின்ன வயசில தோட்டத்தில வெட்டினது."

ஆறாவது மரம்தான் இருந்தவற்றில் பெரியது. இன்ஸ்பெக்டர் அதை ஒரே வெட்டில் சாய்த்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். (அதையும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன், ஆனால் என் வெட்டுக்காக.) வெயில் ஏறிவிட்டது. இருவருக்கும் நன்றாக வேர்த்தது. கத்தரியில் ஒட்டியிருந்த சாற்றை நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன். பிறகு அதே தலைப்பால் முகத்தையும் துடைத்தேன். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் வழிந்த வேர்வையை விரலால் வழித்தார். நஞ்சு, தொடாதே என்று முப்பது பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். அதைக் குறித்துக்கொண்டவர் அவர்.

மதர் திரும்பி வந்தது அப்போதுதான். விறாந்தை ஓரத்தில் நின்று பார்த்தார். ஆறு பீப்பாயில் ஆறு குச்சிகள். கீழே ஆறு மரங்கள். நடுவில் கத்தரியும் கையுமாக, சந்தோஷத்தில் முகம் சிவந்து, இன்ஸ்பெக்டர்.

"மதர், அருமையான பாடம்!" என்றார் அவர். "கடைசி மரத்தை நானே வெட்டினன்."

மதர் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். மறுபடியும் திறந்தார்.

"மிகவும்... சுத்தமாக இருக்கிறது," என்றார்.

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் இடது கண்ணில் ஏதோ கோளாறு என்று உணர்ந்தேன். வலி இல்லை. ஆனால் வெளிச்சம் பட்டால் கூசியது. கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரிந்தது. தூசி விழுந்திருக்கும் என்று கசக்கினேன். (அதே தலைப்பால்தான்.) அப்போது மதர் கூப்பிட்டு அனுப்பினார்.

மதரின் அறை ஜன்னல் மேற்கைப் பார்த்தது. பின்னேர வெயில் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மதர் தனியாக இருந்தார்.

"பிள்ளையே, சைமன் உனக்கு ஏதோ சொன்னானாமே?"

"ஓம் மதர். 'எப்பா' எண்டு ஆச்சரியப்பட்டவர்."

"சிங்களத்தில் 'எப்பா' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். 'அதை வெட்ட வேண்டாம்' என்று அவன் மன்றாடியிருக்கிறான்."

சைமன் தலையில் கை வைத்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மதர் ஒரு பிரெஞ்சுத் தோட்டப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். கோபப்படாமல், ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதுபோல் விளக்கினார். இந்த மரம் வாழை அல்ல. நேராக வளர்ந்து, ஒரு கட்டத்தில் இரண்டு கவராகப் பிரியும். அந்தக் கவருக்கு மேலேதான் பூக்கும், கீழே பூக்காது. கவர் விட்ட பகுதியின் இலை அடியில் ஒரு பக்கம் ஏற்ற இறக்கமாக, கோணலாக இருக்கும். அதுதான் பூக்கும் கொப்புக்கு அடையாளம். மண்ணிலிருந்து புதிதாக எழும்பும் கன்றில் இலை இரண்டு பக்கமும் ஒத்து, வடிவாக இருக்கும். அது வளர்ந்து கவர் விட வருஷக்கணக்கு ஆகலாம். ஒரு கன்றை விடச் சொன்னது, தாய்மரத்துக்கு ஏதும் நேர்ந்தால் பதிலுக்கு இருக்கட்டும் என்பதற்காக. தாய்மரத்தை வெட்ட ஒருத்தி நினைப்பாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"அப்ப, அந்தப் பச்சை மிளகாய்..."

"மொட்டுகள்," என்றார் மதர். "நான் எண்ணி வைத்திருந்தேன்."

அவர் குரல் அந்த ஒரு சொல்லில் மட்டும் கொஞ்சம் உடைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்போது கதவைத் தட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

மதர் நிமிர்ந்து இருந்தார். வந்தவர் முன்னால் மரத்தைப் பற்றிப் பேச முடியாது. வெட்டியவர்களில் ஒருவர் அவர். இன்ஸ்பெக்டர் எனக்கு நேர் எதிரே இருந்து கோப்பை விரித்தார். ஜன்னல் வெயில் இருவர் முகத்திலும் பட்டது. என் இடது கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தேன். கூசியது. மறுபடியும் மூடியது.

இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்தினார். ஒரு இளம் ஆசிரியை, கன்னியர் மடத்துத் தலைவியின் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, தனக்குக் கண்ணடிப்பதைக் கண்டார். அவர் முகத்தில் இரத்தம் வற்றியது. அடுத்த கணம் அவருடைய வலது கண் மூடித் திறந்தது.

நான் விறைத்துப் போனேன். நாற்பத்தைந்து வயது, இலக்கணப் புலி, அரசாங்க உத்தியோகத்தர். எனக்குக் கண்ணடிக்கிறார்! பயத்தில் என் கண் இன்னும் வேகமாகச் சிமிட்டியது. அவருடையதும்தான். எதிரெதிரே இருந்ததால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது.

"ரீச்சர்," என்றார் அவர், குரல் நடுங்க, "வரவு இடாப்பை ஒருக்கா வாசியும்."

பிள்ளைகளின் பெயர் எழுதிய இடாப்பை எடுத்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஓடுவதுபோல் இருந்தது. ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். இன்ஸ்பெக்டரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தன் கோப்பைப் பார்த்தார். மதர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். கை தானாக மார்பிலிருந்த சிலுவைக்குப் போனது.

"இங்கே என்ன நடக்கிறது?"

"ஒண்டுமில்லை, மதர்," என்றோம் இருவரும் ஒரே குரலில், ஆளுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

மதர் எழுந்து போய்ச் சத்தமாக மணியை அடித்தார். மருந்தறைச் சிஸ்டர் ஓடி வந்தார். நுவரெலியா மடத்தில் பல வருஷம் இருந்தவர் அவர். ஜன்னல் பக்கம் என் முகத்தைத் திருப்பி ஒரு கணம் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் முகத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அந்த மரத்தை வெட்டினீங்களோ? கண்ணைத் தொட்டிருக்கிறீங்க. அந்தச் சாறு பட்டா கருமணி விரிஞ்சுபோகும், வெளிச்சம் தாங்காது. ரெண்டு மூணு நாளில தானா சரியாகும்."

ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். என் இடது கண்ணின் கருமணி காசளவு விரிந்திருந்தது. வலது கண் கடுகளவு. ஒரு முகத்தில் இரண்டு பேர் இருந்து பார்ப்பதுபோல் இருந்தது. கண்களை நன்றாகக் கழுவி, டாக்டரையும் வரவழைத்துக் காட்டி, எனக்கு இடது கண்ணிலும் அவருக்கு வலது கண்ணிலும் கட்டுப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் ரிக்ஷாவில் ஏறும்போது என் பக்கம் திரும்பவேயில்லை. மதர் மட்டும் வாசலில் நின்று, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். இருமல் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வெள்ளவத்தையில் கதவைத் திறந்த சின்னம்மா கட்டைப் பார்த்தார். "இண்டைக்கு இன்ஸ்பெக்ஷன் எண்டல்லோ சொன்னனீ? அடிபிடியாப் போச்சோ?"

அடுத்த கிழமை அறிக்கை வந்தது. மதர் எனக்கு வாசித்துக் காட்டினார். "பாடம் செயல்முறையாக அமைந்தது. கண்ணைத் திறந்த பாடம் எனலாம். ஆசிரியை தன்னம்பிக்கை மிக்கவர். நிரந்தரமாக்கலாம். இவரை எண்கணிதத்துக்குப் பயன்படுத்துவது நலம்."

அப்படித்தான் நான் கணக்கு ரீச்சர் ஆனேன். இருபத்தெட்டு வருஷம் கணக்கு மட்டும்தான் படிப்பித்தேன். கணக்கில் வெட்டினால் திரும்ப எழுதலாம்.

மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் விட்டுவைத்த ஆறு கன்றுகளும் விறாந்தைக் கூரையைத் தொடும்வரை கவர் விடாமல் நேராகவே வளர்ந்தன. ஆனால் வெட்டி விழுந்த மரங்களின் கவர்க் கொப்புகளைச் சைமன் எறியவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் மாமர நிழலில் ஈரமணலில் ஊன்றி வைத்திருந்தான். கவருக்கு மேலே வெட்டிய கொப்பு மறுபடியும் கவர் விடக் காத்திருப்பதில்லை, நேராகப் பூவுக்கே போய்விடும். அடுத்த வருஷம் இடுப்பளவு உயரத்தில் இருபத்திரண்டு செடி பூத்தது. மாலை நேரத்தில் அந்த வாசம் தெருவரை வரும். மதர் அன்றைக்கு மறுபடியும் அரைநாள் லீவு விட்டார். சைமனுக்கு உடுத்த ஒரு புதுச் சாரம் வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை. செடிகளின் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றார்.

பத்துப் பதினொரு வருஷம் கழித்து வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் இன்ஸ்பெக்டரை மறுபடி கண்டேன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி ஒளிவார் என்று நினைத்தேன். அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்னைத் தன் மனைவியிடம் இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போனார்.

"இவதான்! கேளும், இவவைக் கேளும்!"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி, உண்மையைச் சொல்லும். கன்னியாஸ்திரி மடத்துக்குப் போன மனிசன் ஒரு கண்ணில கட்டோட வந்து நிண்டார். கேட்டா ஒரு ரீச்சரோட சேர்ந்து மரம் வெட்டினதாம். இவர் வீட்டில ஒரு கருவேப்பிலைக் கொப்பு முறிச்சதை நான் காணேல்லை. இதை நான் நம்பவோ?"

நான் முதலிலிருந்து முடிவு வரை சொன்னேன். கண் மூடித் திறந்ததையும் சொன்னேன். அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "பதினொரு வருஷம் இந்த மனிசனை நான் சும்மா ஏசிப்போட்டன்," என்றார். இன்ஸ்பெக்டர் விடுதலையான கைதிபோல் நின்றார். அவர் வழக்கு முடிந்தது. என் வழக்கு அங்கேதான் தொடங்கியது. எனக்குப் பின்னால் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு என் கணவர் நின்றிருந்தார். புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பார்க்கும் புரக்டர் அவர். இந்தக் கதையின் ஒரு எழுத்தும் அவருக்கு நான் அதுவரை சொன்னதில்லை.

அன்று முதல் அவர் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் ஒரே மாதிரித்தான். மகளின் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் விடவில்லை. சுத்த சைவக்காரர், வீட்டில் முட்டை வாசம்கூடப் படாதவர்கள்.

"இவ என்ர மனிசி. கணக்கு ரீச்சர். கல்யாணத்துக்கு முந்தி மடத்துக்குள்ளேயே ஒரு இன்ஸ்பெக்டருக்குக் கண்ணடிச்சவ."

சம்பந்தியம்மா திடுக்கிட்டார். நான் அவசரமாக இடையில் புகுந்தேன். "ஐயோ, அப்பிடியில்லை. பள்ளிக்கூடத்தில ஆறு கன்று வெட்டப்போய், தாயையும் சேர்த்து வெட்டிப்போட்டன். அதில கண்ணில..."

"கன்றையோ?" என்றார் சம்பந்தியம்மா. கதிரையோடு ஓரடி பின்னால் போனார். "தாயையுமோ?"

என் கணவர் அன்று சிரித்த சிரிப்பில் தேநீர் முழுவதும் வேட்டியில் ஊற்றுண்டது. அது செடியின் கன்று, மாட்டுக்கன்று அல்ல என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. சம்பந்தம் நல்லபடி முடிந்தது, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஆனாலும் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், இலையில் இருப்பதற்கு முன் குசினிப் பக்கம் போய், கறிச்சட்டியின் மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வருவார்.